ஆவுடை பலகையை மூடிய கதை

கேளுங்கள், கேளுங்கள்! தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருப்பவர்கள் கிட்டே வந்து உட்காருங்கள். வேலையை நினைத்தபடியே சோற்றைப் பிசைகிறவர்கள் கையைக் கழுவிவிட்டு வாருங்கள். ஓர் ஆற்றின் இரண்டு கரையில், ஒரே ஒரு யானைக்காக நடந்த கதை இது.

முன்னொரு காலத்தில் மலையிலிருந்து ஓர் ஆறு இறங்கி வந்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் வேங்கைக்கரை, அந்தப் பக்கம் புன்னைக்கரை. இரண்டும் தனித்தனி ராஜ்ஜியம். ராஜ்ஜியம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வேங்கைக்கரையின் கிழக்கு வாசலில் ஒருவர் தும்மினால், மேற்கு வாசலில் நிற்பவர் “நூறு வயசு!” என்பார். நாட்டின் நீளம் அவ்வளவுதான். ஆனால் ராஜாவின் பெயர் மட்டும் உலகளந்தான்.

இந்த இரண்டு நாட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு யானை. அதன் பெயர் சொக்கி. எப்போதோ ஒரு வெள்ளத்தில் குட்டியாக அடித்துவரப்பட்டு, ஆற்று நடுவில் இருந்த மணல்திட்டில் ஒதுங்கிய பெண் யானை அது. “எங்கள் யானை” என்றது இந்தக் கரை. “எங்கள் யானை” என்றது அந்தக் கரை. முதலில் வாயால் சண்டை போட்டார்கள். பிறகு கம்பால் சண்டை போட்டார்கள். அப்புறம் வேலும் ஈட்டியும் தூக்கினார்கள்.

ரத்தம் சிந்தப்போகிற நேரத்தில் ஏதோ ஒரு புண்ணியவானுக்குப் புத்தி வந்தது. “சண்டையைப் பலகையில போடுங்கப்பா. செத்தாலும் மரக்காய்தான் சாகும்” என்றான். அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் தொடங்கும் முன்னால், அதே மணல்திட்டில் சதுரங்கம். இந்தக் கரைக்கு ஒருவர், அந்தக் கரைக்கு ஒருவர். ஜெயித்த கரைக்கு அடுத்த ஆண்டு முழுவதும் சொக்கி சொந்தம்.

அந்த ஆட்டத்துக்கு மூன்று விதிகள் இருந்தன. காதில் போட்டுக்கொள்ளுங்கள், கதைக்கு இவை வேண்டும்.

முதல் விதி: தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். இரண்டாம் விதி: வைத்த காயைத் திரும்ப எடுக்கக் கூடாது. மூன்றாம் விதி: ஆட்டக்காரர் யாராக இருந்தாலும், தன் காயை நகர்த்தி முடித்தபின், “துணி” என்று ஒரே ஒரு தடவை கேட்கலாம். கேட்டால் ஒரு சிவப்புப் பட்டுத் துணியால் பலகையை மூடிவிடுவார்கள். மணல்திட்டில் நட்ட கழியின் நிழல், மணலில் கீறிய அடுத்த கோட்டைத் தொடும்வரை யாரும் அதைத் திறக்கக் கூடாது.

முதல் இரண்டு விதியும் எல்லாருக்கும் மனப்பாடம். மூன்றாம் விதியை யாரும் தொட்டதே இல்லை. துணி கேட்டால் பயந்தவன் என்று ஊர் சிரிக்குமே! அதனால் அந்தப் பட்டுத் துணி பெட்டிக்குள்ளேயே கிடந்தது. எலி மட்டும்தான் அதை அவ்வப்போது பயன்படுத்தியது.

இப்போது ஆவுடைக்கு வருவோம்.

வேங்கைக்கரையின் ஆட்டக்காரி ஆவுடை. அவள் புருஷன் தளவாய் அவல் இடிக்கிறவன். கீழத்தெருவில், ஆற்றை ஒட்டின வீடு. ஆவுடை பலகைக்கு முன்னால் உட்கார்ந்தால் எதிரே இருப்பவருக்கு வேர்க்கும். அவள் காயை வேகமாக நகர்த்த மாட்டாள், சத்தமாக வைக்க மாட்டாள், ஜெயித்தபின் சிரிக்கவும் மாட்டாள். புன்னைக்கரையின் ஆட்டக்காரன் மாசானம் ஆண்டுதோறும் வருவான், ஆண்டுதோறும் தோற்பான், “வர்ற வருஷம் பார்க்கலாம் தாயி” என்று தலைப்பாகையைத் தட்டிக்கொண்டு படகேறுவான்.

இப்படியே போயிருந்தால் கதை ஏது? அந்த ஆண்டு ஆறு பொங்கியது. வேங்கைக்கரையின் கரைமேடு உடைந்தது. கீழத்தெருவில் பாதி வீடு தண்ணீரோடு போயிற்று. அடுத்த மழைக்குள் கரையை அடைக்க வேண்டும். அடைக்கக் காட்டிலிருந்து பெரிய பெரிய மரங்கள் வர வேண்டும். அந்த மரங்களை மாடு இழுக்காது, மனுஷன் இழுக்க முடியாது. சொக்கிதான் இழுக்க வேண்டும்.

சொக்கியும் இழுத்தது. வெயிலில் இழுத்தது, தூறலில் இழுத்தது, பொழுது சாய்ந்தும் இழுத்தது. ஆனாலும் போட்டி நாள் நெருங்கியபோது கரை பாதிதான் முடிந்திருந்தது. இந்த முறை ஆவுடை தோற்றால் சொக்கி அந்தக் கரைக்குப் போய்விடும். மீதிக் கரை திறந்தே கிடக்கும். மழை வந்தால் கீழத்தெரு மிச்சமிருக்காது.

ஆவுடைக்கு இது தெரியும். தெரிந்ததுதான் வினை.

“இந்தத் தடவை தோற்கவே கூடாது” என்று அவள் ஆடத் தொடங்கினாள். விடிந்ததும் ஆடினாள். அடுப்பில் உலை கொதிக்கும்போது ஆடினாள். ஆள் கிடைக்காதபோது வலது கைக்கும் இடது கைக்கும் போட்டி வைத்து ஆடினாள். தூங்கும்போதும் விரல் பாயைத் தடவிக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நாளில் பலகை அவளை விட்டு இறங்கவே இல்லை. கோயில் தளக்கல்லைப் பார்த்தால் கட்டம். கிழிந்த பாயைப் பார்த்தால் கட்டம். தெருவில் நடந்தால் கறுப்புக் கல்லில் கால் வைக்கலாமா, வெள்ளைக் கல்லில் வைக்கலாமா என்று நின்றுவிடுவாள். எதிரே வருகிறவர்கள் மனுஷராகத் தெரியவில்லை. கொத்தனார் காலாளாகத் தெரிந்தார், தயிர்க்காரி குதிரையாகத் தெரிந்தாள்.

ஒருநாள் தளவாய் கேட்டான்: “ஏளா, குழம்பு ஊத்தட்டா, மோர் ஊத்தட்டா?”

ஆவுடை வெகுநேரம் யோசித்தாள். “குழம்பு ஊத்தினா நீங்க அப்பளம் வைப்பீங்க. அப்பளம் வைச்சா நான் கையை எடுக்கணும். கையை எடுத்தா இந்தப் பக்கம் காலியாயிடும்…”

தளவாய் குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு அழுகை வந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவ்வளவு ஆடினால் ஆட்டம் கூடத்தானே வேண்டும்? இல்லை, குறைந்தது! முதலில் அரண்மனைச் சமையற்காரரிடம் தோற்றாள். “கண்ணு பட்டிருக்கும்” என்றார்கள். அடுத்து வாசல் காவலனிடம் தோற்றாள். “உடம்பு சரியில்லை” என்றார்கள். மூன்றாவதாக ராஜா உலகளந்தானிடமே தோற்றாள்.

அதைக் கேட்டு அரண்மனை நடுங்கிப் போயிற்று. ஏனென்றால் ராஜா வாழ்நாளில் யாரையும் ஜெயித்ததில்லை. குதிரை எந்தப் பக்கம் தாண்டும் என்பதே அவருக்கு அடிக்கடி மறந்துபோகும். அப்படிப்பட்டவரிடம் எப்படித் தோற்றாள்?

அது நடந்தது இப்படி. தன் காலாளை ஒரு கட்டம் தள்ளி வழிவிட்டு, பிறகு யானைக் காயை நேராக ஓட்டி ராஜாவை மடக்கலாம் என்று ஆவுடை யோசித்தாள். நல்ல யோசனைதான். அதையே திரும்பத் திரும்ப யோசித்தாள். யோசித்து யோசித்து, காலாளைத் தள்ளிவிட்டதாகவே அவள் மனசு நம்பிவிட்டது. தள்ளாத காலாள் வழியில் நிற்க, யானையைத் தொட்டுவிட்டாள். தொட்டதை நகர்த்த வேண்டுமே! வேறு வழியில்லாமல் யானையை வேண்டாத கட்டத்தில் கொண்டுபோய் வைத்தாள். ராஜாவின் காலாள் ஒருவன் அதை வெட்டிவிட்டான், அதோடு ஆவுடையின் ஆட்டம் சரிந்தது.

“நான் ஜெயிச்சிட்டேனா?” என்று கேட்டார் ராஜா. “ஆமாம் மகாராஜா” என்றார்கள். ராஜாவுக்குக் கண் கலங்கியது. “ஐயோ, நாம அழிஞ்சோம்” என்றார்.

உடனே வைத்தியரை வரவழைத்தார்கள். வைத்தியர் ஆவுடையின் கண்ணைக் கட்டினார். “பலகையைப் பார்த்தால்தானே ஆடுவாள்?” என்றார். ஆவுடை கட்டுக்குள்ளேயே ஆடினாள். இருட்டில் கட்டங்கள் இன்னும் பளிச்சென்று தெரிந்தன.

அடுத்து மந்திரி வந்தார். வீட்டிலிருந்த பலகை, காய், கட்டம் போட்ட துணி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார். ஆவுடை அவலைக் காயாக்கி, சல்லடைக் கண்ணைக் கட்டமாக்கி ஆடினாள்.

கடைசியாக ராஜா வந்தார். “இது பழக்கம் போதாத கோளாறு!” என்றார். அரண்மனையில் ஆடத் தெரிந்த மூன்று பேரை அனுப்பி, விடியலிலிருந்து பொழுது சாயும்வரை மாறி மாறி ஆடவைத்தார். அந்த மூன்று பேரும் வீட்டுக்கு ஓடிப்போனார்கள். ஆவுடை மட்டும் காலி இடத்துக்கு எதிரே உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தாள். அவள் கண் சிவந்தது, உதடு காய்ந்தது. ஆட்டத்தில் ஒருகாலத்தில் அவளுக்கு இருந்த ஆசை, பிழிந்து எறிந்த எலுமிச்சை மூடியைப் போலக் காய்ந்துவிட்டது. ஆடவும் பிடிக்கவில்லை, விடவும் தெரியவில்லை. இதைவிடப் பெரிய துக்கம் ஒரு ஆட்டக்காரிக்கு உண்டா, சொல்லுங்கள்!

இப்போது வருகிறது பாருங்கள் வேடிக்கை.

யானையை வைத்திருக்கும் கரையின் ஆட்டக்காரர், போட்டி நாளன்று யானைமேல் ஏறித்தான் மணல்திட்டுக்குப் போக வேண்டும். அதுவும் வழக்கம். அதற்கு ஒரு மாதம் முன்னால் ஒரு வெள்ளோட்டம் விடுவார்கள். அன்று காலையில் ஆவுடையைத் தூக்காத குறையாகக் கொண்டுவந்து சொக்கியின் முதுகில் ஏற்றினார்கள். தாரை ஊதினார்கள், தப்பட்டை அடித்தார்கள். ராஜா குடைக்குக் கீழே நின்று கையை வீசினார்.

சொக்கி தெருவில் நடந்தது. கடைவீதியில் நடந்தது. ஆற்றுத்துறைக்கு வந்தது. அங்கே வலது பக்கம் திரும்ப வேண்டும்.

சொக்கி திரும்பவில்லை. நேராக ஆற்றுக்குள் இறங்கியது.

“ஏ சொக்கி! திரும்பு! திரும்புங்கேன்!” என்று பாகன் கத்தினான். சொக்கி முழங்கால் தண்ணீருக்குப் போனது. வயிற்றுத் தண்ணீருக்குப் போனது. அங்கே நின்று ஒரு நீளப் பெருமூச்சு விட்டது. பிறகு, மேலே ஆள் இருக்கிறதே என்ற கவலையே இல்லாமல், மெதுவாக மடிந்து படுத்துவிட்டது. பாகன் ஒரு பக்கம் விழுந்தான், நீந்திக் கரையேறினான். ஆவுடை மட்டும் முதுகில் மாட்டிக்கொண்டாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் அவள் கணுக்காலைச் சுற்றிச் சலசலவென்று ஓடியது.

கரையில் ஒரே களேபரம். ராஜா கத்தினார்: “யானையை எழுப்புங்க! நான் கட்டளை போடுறேன்!”

“கட்டளையைத் தண்ணிக்குள்ள யார் போய் சொல்றது மகாராஜா?” என்றான் பாகன், தலைமுடியைப் பிழிந்துகொண்டே.

கரும்பைக் காட்டினார்கள். சொக்கி பார்க்கவில்லை. வெல்லத்தைக் காட்டினார்கள். சொக்கி கண்ணை மூடிக்கொண்டது. அங்குசத்தைக் காட்டினார்கள். சொக்கி தும்பிக்கையில் தண்ணீர் எடுத்து, தாரை ஊதுகிறவர்கள் மேல் ஒரு பீச்சு பீச்சியது. அதோடு சத்தம் நின்றது.

“என்னை இறக்குங்க! எனக்கு ஆடணும்! பொழுது போவுதே, பழக்கம் போவுதே!” என்று ஆவுடை கூவினாள். யாரும் வரவில்லை. மதம் பிடித்துவிட்டதோ என்று எல்லாருக்கும் பயம். ஆனால் அதற்கு ஒரு மதமும் பிடிக்கவில்லை. மாதக்கணக்காக மரம் இழுத்த உடம்பு அது, இளைப்பாறியது, அவ்வளவுதான்.

வேறு வழியில்லாமல் ஆவுடை தண்ணீரைப் பார்த்தாள். பார்த்ததும் வழக்கம்போல அதில் கட்டம் போடத் தொடங்கினாள். கட்டம் நிற்கவில்லை. போட்ட கோடு வளைந்தது, வளைந்தது உடைந்தது, உடைந்தது ஓடிவிட்டது. மறுபடி போட்டாள். மறுபடி ஓடிற்று. ஒரு காலாளை வைக்கக்கூட அந்த ஆறு இடம் தரவில்லை.

நடுப்பகல் ஆயிற்று. ஆவுடைக்குப் பசித்தது. ‘பசிக்கிறது’ என்று தோன்றியதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. தளவாய் கழுத்தளவு தண்ணீரில் நடந்து வந்து, தலைமேல் தாங்கியிருந்த அவல் மூட்டையை நீட்டினான். வெல்லமும் தேங்காயும் போட்ட அவல். ஒரு வாய் போட்டாள். இனித்தது.

“இன்னிக்கு வெல்லம் புதுசா?” என்று கேட்டாள்.

“தினமும் இதே வெல்லம்தாம்ளா” என்றான் தளவாய்.

அப்போது சொக்கி தும்பிக்கையை நீட்டி, அவள் கையிலிருந்த மூட்டையை அப்படியே எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. ஆவுடை திகைத்தாள். பிறகு சிரித்தாள். முதலில் மெதுவாக, பிறகு குலுங்கிக் குலுங்கி, பிறகு யானை முதுகில் மல்லாந்து விழுந்து சிரித்தாள். எத்தனை மாதத்துச் சிரிப்போ அது! கரையில் நின்றவர்கள், “போச்சு, பைத்தியமே பிடிச்சிடுச்சு” என்று தலையில் கை வைத்தார்கள். தளவாய் மட்டும் தண்ணீரில் நின்றபடி முகத்தைக் கழுவிக் கழுவித் துடைத்தான்.

பொழுது சாயும்போது சொக்கி தானாக எழுந்தது, தானாகக் கொட்டிலுக்குப் போனது. மறுநாள் ஒரு மரத்தை இழுக்கச் சொன்னார்கள். வழக்கமாக அரை நாள் முக்கி முனகி இழுக்கிற மரத்தை, காலைக் கஞ்சி ஆறுவதற்குள் கொண்டுவந்து போட்டுவிட்டது.

ஆவுடை அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு நேராக அரண்மனைக்குப் போனாள்.

“மகாராஜா, போட்டி முடியிற வரைக்கும் நான் பலகையைத் தொடப் போறதில்லை.”

ராஜாவின் கிரீடம் காதுவரை இறங்கிவிட்டது. “என்னம்மா சொல்றே? மாசானம் அங்கே பகல் ராத்திரி பார்க்காம ஆடுறானாம். நீ தோத்தா கரை என்னாவும்? கீழத்தெரு என்னாவும்?”

“என் வீடும் கீழத்தெருவுலதான் மகாராஜா இருக்கு. தொடர்ந்து ஆடித்தானே உங்ககிட்டயே தோத்தேன்?”

ராஜா கிரீடத்தை மெல்லத் தூக்கி நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

ஊர் சும்மா இருக்குமா? ஆவுடை ஆற்றுக்குக் குளிக்கப் போனால், “சாம்ராஜ்யம் மூழ்கப் போவுது, இவ முங்கிப் பழகுறா” என்றார்கள். அவல் இடிக்க உட்கார்ந்தால், “காலாளை எல்லாம் உரலுக்குள்ள போட்டுட்டா” என்றார்கள். மத்தியானம் புளியமர நிழலில் படுத்தால், “யானைகூடச் சேர்ந்து யானையாவே ஆயிட்டா” என்றார்கள். ஆவுடைக்குப் பயமாகத்தான் இருந்தது. கை துறுதுறுத்தது. துறுதுறுக்கும்போதெல்லாம் ஆற்றைப் போய்ப் பார்த்தாள்.

போட்டி நாள் வந்தது!

மேற்கே மேகம் கறுத்திருந்தது. மணல்திட்டின் இரண்டு பக்கமும் இரண்டு நாடும் நின்றன. நடுவே கல்பலகை, பக்கத்தில் நிழல் பார்க்கும் கழி. சொக்கி ஒரு முளையில் கட்டப்பட்டு, தன்னை வைத்துத்தான் இத்தனை கூத்தும் என்று தெரியாமல் மணலை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டிருந்தது.

மாசானம் வந்து உட்கார்ந்தான். ஆவுடைக்குத் திக்கென்றது. அவன் கண் சிவந்திருந்தது, உதடு காய்ந்திருந்தது. ஒரு மாதத்துக்கு முன் கண்ணாடியில் பார்த்த தன் முகமே எதிரே உட்கார்ந்திருந்ததுபோல இருந்தது.

“என்ன தாயி, ஆத்துல நல்லா மீன் பிடிச்சியாமே?” என்றான் மாசானம்.

“இல்ல அண்ணாச்சி, மீன்தான் என்னைப் பிடிச்சுது” என்றாள் ஆவுடை.

ஆட்டம் தொடங்கியது. காலாட்கள் மோதினார்கள், குதிரைகள் பாய்ந்தன, காய்கள் மணலில் வந்து விழுந்தன. மாசானம் பயங்கரமாக ஆடினான். ஒவ்வொரு காயையும் பாம்பு கொத்துவதுபோல வைத்தான். ஆவுடை தாக்குப்பிடித்தாள். ஆனால் வெயில் ஏற ஏற, அவள் கண்ணுக்குள் பழைய குழப்பம் புகையாகச் சூழத் தொடங்கியது. எதைப் பார்த்தாலும் கட்டம். அவள் ஒரு காலாளை நகர்த்தி வைத்தாள். வைத்த மறுநொடி, அதை எதற்காக வைத்தோம் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“துணி” என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. “என்ன கேட்டா? தண்ணியா?” என்றார் ராஜா.

“துணி மகாராஜா. பலகையை மூடுங்க.”

புன்னைக்கரையில் சிரிப்பு வெடித்தது. வேங்கைக்கரையில் ஒப்பாரி கிளம்பியது. “மானத்தை வாங்கிட்டாளே!” என்றாள் ஒருத்தி. “தோத்துட்டேன்னு சொல்லிடலாமே!” என்றான் ஒருத்தன். பெட்டியைத் திறந்து பட்டுத் துணியை எடுத்து உதறினார்கள். ஓர் எலி துள்ளி ஓடியது. ஓட்டை ஓட்டையாக இருந்த அந்தத் துணியை இரண்டாக மடித்துப் பலகைமேல் போட்டார்கள்.

ஆவுடை எழுந்தாள். சொக்கியை அவிழ்க்கச் சொன்னாள். இருவரும் ஆற்றில் இறங்கினார்கள். ஆவுடை இடுப்புத் தண்ணீரில் முங்கி எழுந்தாள். தளவாயிடம் அவல் வாங்கித் தின்றாள். பிறகு சொக்கியின் நிழலில், ஈர மணலில், கையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டாள். குறட்டை விட்டாள் என்றுகூடச் சொல்கிறார்கள். எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

மாசானம்? அவன் எழுந்திருக்கவே இல்லை. மூடிய துணிக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தான். அவன் ஆட்கள் இளநீர் நீட்டினார்கள், தள்ளினான். குடை பிடித்தார்கள், தள்ளினான். விசிறினார்கள், “காத்து என் யோசனையைக் கலைக்குது, போங்கடா” என்று விரட்டினான்.

அவனுக்கு ஓர் அருமையான வழி கிடைத்திருந்தது. என்ன வழி தெரியுமா? அவன் யானைக்கு முன்னால் அவன் குதிரையே நிற்கிறது. அதே வரிசையின் மறுகோடியில் ஆவுடையின் யானை நிற்கிறது. குதிரையைப் பாயவிட்டு ஆவுடையின் ராஜாவை மிரட்ட வேண்டும். ராஜா ஒதுங்கும். வழி திறந்துவிடும். உடனே யானையை நேராக ஓட்டி ஆவுடையின் யானையை வெட்ட வேண்டும். அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது! குதிரை, ராஜா, யானை. குதிரை, ராஜா, யானை. துணிக்கு முன்னால் உட்கார்ந்து அதையே ஓயாமல் ஓட்டிக்கொண்டிருந்தான்.

நிழல் கோட்டைத் தொட்டது. துணியை எடுத்தார்கள்.

ஆவுடை ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்தாள். பலகையைப் பார்த்தாள். புகை இல்லை. எல்லாம் கழுவித் துடைத்த பாத்திரம்போலத் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவில் முதலில் கண்ணுக்குப் பட்டதே மாசானத்தின் குதிரைதான். அது பாய்ந்தால் தான் தொலைந்தோம் என்பது ஒரே பார்வையில் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆட வேண்டிய முறையும் மாசானத்தினுடையது!

கீழத்தெரு கண்முன் வந்தது. மேற்கே இடி உருண்டது. மாசானம் சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். கை குதிரையை நோக்கி வந்தது. குதிரையைத் தாண்டியது…

யானையைத் தூக்கியது!

ஆமாம், யானையைத்தான் தூக்கினான்! அவன் மனசுக்குள் குதிரை எப்போதோ பாய்ந்துவிட்டது. ராஜா எப்போதோ ஒதுங்கிவிட்டது. வழி எப்போதோ திறந்துவிட்டது. தூக்கிய யானையோடு பலகையைப் பார்த்தான். குதிரை நின்ற இடத்திலேயே நின்றது.

“குதிரை… குதிரை போயிடுச்சே” என்றான் மாசானம். “நான் பார்த்தேனே. போச்சே.”

தொட்டதை நகர்த்த வேண்டும். முன்னால் குதிரை. யானை போக முடிந்தது பக்கவாட்டில் மட்டும்தான். அதைப் பக்கத்தில் வைத்தான். வைத்ததும், அதுவரை யானையின் காவலில் இருந்த குதிரை அநாதையாக நின்றது.

ஒரு மாதத்துக்கு முந்தைய ஆவுடையாக இருந்தால், இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று குழம்பிக் குழம்பி வேறெதையாவது தொட்டிருப்பாள். இன்றைய ஆவுடை இருப்பதைப் பார்த்தாள். தன் யானையை நேராக ஓட்டினாள். குதிரை விழுந்தது. மாசானத்தின் ராஜாவுக்கு ஒதுங்க ஒரு கட்டம்கூட இல்லை.

வேங்கைக்கரை ஆர்ப்பரித்தது பாருங்கள்! தாரை ஊதினார்கள், தலைப்பாகையை வீசினார்கள், உலகளந்தான் கிரீடத்தையே வீசிவிட்டு அது ஆற்றில் விழுந்ததும் தேட ஆள் அனுப்பினார்.

மாசானம் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அழக்கூட அவனிடம் தெம்பு இல்லை.

ஆவுடை அவன் பக்கத்தில் போய்க் குந்தினாள். “அண்ணாச்சி, உங்க வழி நல்ல வழி. குதிரையைத் தொட்டிருந்தீங்கன்னா நான் தோத்திருப்பேன்.”

“பைத்தியமா தாயி எனக்கு?”

“இல்ல. எனக்கும் இப்படித்தான் ஒரு காலாள் மனசுக்குள்ளேயே நடந்து போச்சு. அதுல எங்க ராஜா ஜெயிச்சாரு.”

மாசானம் உலகளந்தானைப் பார்த்தான். ஆவுடையைப் பார்த்தான். “இவரா?” என்றான். பிறகு அவன் தோள் குலுங்கியது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஆவுடை அவன் கையைப் பிடித்து ஆற்றுக்குக் கூட்டிப்போனாள். சொக்கி ஏற்கெனவே படுத்திருந்தது. மாசானம் கழுத்துவரை தண்ணீரில் இறங்கி, தலைப்பாகையை அவிழ்த்து, வெகுநேரம் வானத்தைப் பார்த்தபடி மிதந்தான். எத்தனை நாளைக்குப் பிறகு அவன் வானத்தைப் பார்த்தானோ!

அடுத்த நாளிலிருந்து சொக்கி இரண்டு நாள் மரம் இழுத்தது, மூன்றாம் நாள் தண்ணீரில் கிடந்தது. “நேரம் வீணாவுதே!” என்று ராஜா புலம்பினார். ஆனால் பெருமழை வருவதற்கு முன்னே கரை எழுந்து நின்றது. கீழத்தெருவுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. மிஞ்சிய மரத்தையும் சொக்கியையும் ஆவுடை புன்னைக்கரைக்கு அனுப்பி, அவர்கள் கரையையும் பலப்படுத்தச் சொன்னாள். ராஜா முணுமுணுத்தார். “அப்போ உங்ககூட ஒரு ஆட்டம் ஆடலாமா மகாராஜா?” என்றாள். ராஜா உடனே யானையை அனுப்பச் சம்மதித்துவிட்டார். ஜெயித்தவர் என்ற பெயரை இழக்க அவருக்கு மனமில்லை.

அடுத்த ஆண்டு போட்டிக்கு ஆவுடையும் மாசானமும் சேர்ந்தே ஒரு புதுப் பட்டுத் துணி வாங்கிவந்தார்கள். நிழல் பாதிக்கு வந்ததும், யாரும் கேட்காமலே பலகையை மூட வேண்டும் என்று விதி மாறியது. அப்போது இரண்டு நாட்டு ஜனங்களும் ஆற்றில் இறங்கிவிடுவார்கள். அந்த ஆண்டு யார் ஜெயித்தார்கள் என்பது யாருக்கும் ஞாபகமில்லை. ஆட்டம் அழகாக இருந்தது என்பது மட்டும் ஞாபகமிருக்கிறது.

கேட்டவர்களே, போய்ப் படுங்கள். படுக்குமுன் இந்த நீதியைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்: ஓயாமல் உழைக்கிற மனசு, இல்லாத வழியை இருப்பதாகக் காட்டி ஏமாற்றும் என்பதால், ஆடத் தெரிந்தவர்கள் பலகையை மூடிவிட்டு எழுந்து போகவும் தெரிந்துகொள்ள வேண்டும்.